ரிங் பிரேக்: வளைய முறிவா, வளைய அறுபாடா?

அன்புள்ள ஐயா,

கார்ப் பட்டறை மாணவருக்கான நம் கையேட்டில் 'ரிங் பிரேக்' (வளையமாகக் கோத்த அலகுகளுக்கிடையே ஒளியோட்டம் நின்றுபோவது) என்பதற்கு நீங்கள் முன்மொழிந்த 'வளைய முறிவு' இரண்டு நாளாக மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என்னால் ஒப்ப முடியவில்லை. காரணம் பட்டறையில் இருக்கிறது.

2001இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசையில் வந்த, காரின் ஒலி, காணொளிக் கருவிகளை இணைக்கும் 'மோஸ்ட்' (MOST) பிணையத்தையே எடுத்துக்கொள்வோம். இதைப் பயன்படுத்தும் கார்களில் வானொலி, ஆம்ப்ளிஃபயர், பின்னிருக்கைக் கேளிக்கை அலகு எல்லாம் ஒரே வளையத்தில் கோத்தவை. செப்புக் கம்பி இல்லை. பிளாஸ்டிக் ஒளியிழையில் சிவப்பு ஒளி ஓடும். ஒவ்வோர் அலகும் வந்த ஒளியை வாங்கி அடுத்ததற்கு அனுப்ப வேண்டும். ஒன்று அனுப்பத் தவறினால் வளையம் முழுவதும் ஊமையாகிவிடும். பின்னால் திரை இருண்டிருக்கும், முன்னால் பாட்டும் நின்றிருக்கும்.

இழை முறிந்தால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக அதை வளைத்து வைத்தாலே ஒளி மங்கும். ஓர் அலகுக்கு மின்சாரம் வராவிட்டாலும் போதும். நான் நேரில் பார்த்தது: ஓர் இளைஞர் அரைநாள் இருக்கைகளைக் கழற்றி, இழையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். போயிருந்தது பின் அலகின் ஃபியூஸ். 'முறிவு' என்று படித்தவர் முறிந்த இடத்தைத்தானே தேடுவார்?

கொம்பு முறியும், பானை உடையும், நூல் அறும். ஆனால் உறவும் அறும், நீர்வரத்தும் அறும். அற்ற குளம் என்றால் கரை உடைந்த குளமன்று; நீர் வற்றிப்போன குளம். பொருள் சிதையாமலே ஓட்டம் நிற்பதை 'அறு' தாங்குகிறது. 'துண்டிப்பு' வேண்டாம், யாரோ வேண்டுமென்றே வெட்டியது போல ஒலிக்கிறது. 'ஒளித்தடை' என்றால் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) போல அளக்கக்கூடிய ஒன்று என்று எண்ணத் தோன்றும். வேறுபடு 'வேறுபாடு' ஆயிற்று, முரண்படு 'முரண்பாடு' ஆயிற்று. அறுபடு 'அறுபாடு' ஆகட்டும். வளைய அறுபாடு.

அதைக் கண்டறிவது 'அறுபாட்டுச் சோதனை'. சில கார்களில் இதற்கென ஒவ்வோர் அலகுக்கும் தனி மின்கம்பி உண்டு. அவற்றில் சோதனை தொடங்கியதும் ஒவ்வோர் அலகும் தானாக ஒளியை அனுப்பும். தனக்கு ஒளி வந்ததா என்பதைக் கம்பி வழியே தெரிவிக்கும். பதிலே சொல்லாத அலகுக்கு முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். 'ஒளி வரவில்லை' என்று சொல்லும் அலகை உடனே குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. அதற்கும் முந்தைய அலகுக்கும் இடையில் தேட வேண்டும். முறிவு ஒரு பொருளுக்கு நேர்வது, அறுபாடு இரண்டுக்கு இடையில் நேர்வது. மாணவருக்கு இந்த வேறுபாடு சொல்லிலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று. ஐயத்துக்குரிய அலகைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒளி கடந்துபோகச் செருகும் சிறு இழைத்துண்டைப் பட்டறையில் 'லூப்' என்கிறார்கள். நான் 'ஒளிப்பாலம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்தவில்லை என்றால் சொல்லுங்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்னும் முடிக்கவில்லை.

அன்புடன்