லேப்டாப்பிலிருந்து வைஃபை பிரிண்ட் போகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாகப் போராடுகிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது. அதே வைஃபையில் போனிலிருந்து கொடுத்தால் உடனே வருகிறது. யூஎஸ்பி கேபிள் போட்டாலும் வருகிறது.

ரவுட்டரை அணைத்துப் போட்டேன், பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் சேவை) ரீஸ்டார்ட் செய்தேன், பயனில்லை. பிரிண்டரை நீக்கி மறுபடி சேர்த்ததும் ஒரு நாள் முழுக்க நன்றாக ஓடியது. மறுநாள் கரண்ட் போய் வந்தது, மறுபடியும் அதே நிலை.

நேற்று ஒன்று கவனித்தேன். பிரிண்டர் அச்சடித்துத் தந்த நெட்வொர்க் தாளில் ஐபி முகவரி 192.168.1.7. லேப்டாப்பின் போர்ட் அமைப்பில் இன்னும் 192.168.1.4 என்றுதான் இருக்கிறது. முகவரி மாறியதுதான் காரணமா? ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (பிரிண்டருக்கு எப்போதும் ஒரே முகவரியை ரவுட்டரே ஒதுக்குவது) போட்டால் தீருமா, இல்லை பிரிண்டரிலேயே நிலையான முகவரி கொடுக்கணுமா? எது நல்லது?

பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், லேப்டாப் 5-இல் இருக்கிறது. ஆனால் போனும் 5-இல்தான், அதனால் அது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

மகளுக்கு வெள்ளிக்கிழமை பள்ளியில் புராஜெக்ட் கொடுக்க வேண்டும், நாற்பது பக்கம். இதே பிரச்சினையைச் சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால் படிப்படியாகச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.