சத்தானது என்று நம்பி வாங்கியவை: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கோவில்பட்டிக்காரி:
அப்பாவுக்குச் சர்க்கரை நோய். டீயோடு கடிக்க ஏதாவது கேட்பார் என்று எட்டு மாதமாகக் கேழ்வரகு பிஸ்கட்தான் வாங்கினேன். உறை முழுக்கக் கதிர் படம். போன வாரம் மகன் அதைத் திருப்பி உரக்கப் படித்தான்: மைதா, சர்க்கரை, பாமாயில், அதற்கும் பிறகு கேழ்வரகு மாவு 9 சதவீதம். அப்பா அப்போதுதான் ஒன்றை நனைத்து வாயருகே கொண்டுபோயிருந்தார். ஊறிய பாதி டம்ளருக்குள் விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

உடன்குடி மருமகள்:
எங்கள் வீட்டில் கருப்பட்டி. அத்தை வெள்ளைச் சர்க்கரையைத் தொடமாட்டார். கருப்பட்டிக் காபி மட்டும் நாளுக்கு நான்கு முறை. இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9.4 சதவீதம், மிக அதிகம் என்று வந்தது. அத்தை பையிலிருந்து ஒரு வட்டை எடுத்து மேசைமேல் வைத்து, "இதுவுமா டாக்டர்?" என்றார். "இதுவும்தான் அம்மா." வீடு வரும்வரை அத்தை பேசவில்லை.

பனங்காடு:
கருப்பட்டியைப் பழிக்காதீர்கள். என் தாத்தா அதைத் தின்றே தொண்ணூறு வயது வாழ்ந்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பனங்காடு, உங்கள் தாத்தா நாள் முழுக்க உழைத்திருப்பார்; உடன்குடிச் சகோதரியின் அத்தை நோயாளி. கருப்பட்டியில் சிறிது தாது உப்பு உண்டு. ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது ஆபத்து.

நான் ஏமாந்தது பேத்திக்கு வாங்கிய சத்து மாவு பானத்தில். டப்பாவில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை இணைய விற்பனைத் தளங்கள் 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்றது. உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை.

எல்லோரும் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். சர்க்கரை பல பெயர்களில் ஒளிந்திருக்கும்: திரவ குளுக்கோஸ், இன்வர்ட் சிரப். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது சர்க்கரை அல்ல, மாவுச்சத்து; ஆனாலும் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கணக்கை நம்பாமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்றால் மாவுச்சத்து இல்லை என்று பொருளல்ல. உப்பையும் விடாதீர்கள், நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மிக்ஸர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

உடன்குடி மருமகள்:
ஐயா, அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது? அந்த வட்டு அவருடைய அம்மா வீட்டிலிருந்து வருவது.

கோவில்பட்டிக்காரி:
நேற்று மளிகைக் கடையில் அப்பாவே ஒரு பொட்டலத்தைத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் அந்த எழுத்து அவருக்குத் தெரியவில்லை. "நீ படி, அம்மா" என்று என்னிடம் நீட்டினார்.