கத்திரி வெயிலில் டேக்ஆஃப் ஓட்டம் நீளுகிறது, ஆர்பிஎம்மும் இறங்குகிறது – உதவி தேவை

காட்பாடிக்காரர்:
வணக்கம். பாலாற்றங்கரைப் பக்கம் 400 மீட்டர் மண் ஓடுதளம். இரண்டு இருக்கை அல்ட்ராலைட் (எடை குறைந்த குட்டி விமானம்), ரோடாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் 130 மீட்டரில் எழும்பும். இப்போது மதியம் 41 டிகிரியில், அதே எடைக்கு 210 மீட்டர் ஓடுகிறது. நின்ற இடத்தில் முழு த்ராட்டிலில் 5200 வந்த ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) 4900தான் வருகிறது. வெயில்தானா, எஞ்சினா? புரொப்பெல்லர் கோணத்தைக் குறைக்கலாமா?

ஆம்பூர் மெக்கானிக்:
கோணத்தில் கை வைக்காதீர்கள் சார். வேலூர் உயரம் சுமார் 700 அடி. 41 டிகிரியில் காற்று 4000 அடியில் இருப்பதுபோல மெலிந்துவிடும். அதற்கு ஓட்டம் 20, 25 சதவீதம் கூடலாம், அதாவது 160 மீட்டர். மிச்ச 50 மீட்டர் எஞ்சின் கணக்கு.

ஆர்பிஎம்தான் சாட்சி. மெலிந்த காற்றில் எஞ்சின் பலம் குறையும், ஆனால் புரொப்பெல்லரின் சுமையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். வெயிலால் மட்டும் 300 விழாது.

முதலில் இரண்டு கார்புரேட்டரிலும் த்ராட்டில் லீவர் கடைசி ஸ்டாப்பைத் தொடுகிறதா பாருங்கள். 4000 ஆர்பிஎம்மில் இரண்டு இக்னிஷனையும் ஒவ்வொன்றாக அணைத்தால் 300க்கு மேல் விழக்கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 115க்குள். ஏர் ஃபில்டர் கவுலிங்குக்குள் (எஞ்சின் மூடிக்குள்) இருந்தால் வெந்த காற்றைத்தான் இழுக்கும். பிறகு கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்களை (மிதவைகளை) எடை போடுங்கள். ஒரு ஜோடி 7 கிராமைத் தாண்டினால் பெட்ரோலை உறிஞ்சி மூழ்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கலவையில் பெட்ரோல் அதிகமாகி பலம் போகும்.

காட்பாடிக்காரர்:
வலதுபக்க ஜோடி 8.4 கிராம். ப்ளக்கும் அந்தப் பக்கம் கரி பிடித்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் வாங்கியது.

ஆம்பூர் மெக்கானிக்:
கண்டுபிடித்துவிட்டீர்கள். நான்கு ஃப்ளோட்டையும் மாற்றி, கார்புரேட்டர்களை வேக்குவம் கேஜ் வைத்து சமப்படுத்துங்கள். பங்கில் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால். ரோடாக்ஸ் அனுமதிப்பது 10 வரைதான். டேங்கைக் காலி செய்யுங்கள். ஏவ்கேஸ் 100எல்எல் (ஈயம் கலந்த விமானப் பெட்ரோல்) போட்டால் ஈயம் படியும், ஆயிலை 25 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

குடியாத்தம் பயிற்றுநர்:
எஞ்சின் சரியானாலும் மதியம் வேண்டாம் சார், விடியற்காலையே பறங்கள். 200 மீட்டரில் ஒரு வெள்ளைக் கல் நடுங்கள். எழும்பும் வேகம் 70 கிமீ என்றால், கல்லைத் தாண்டும்போது 50 இல்லையேல் உடனே த்ராட்டிலை மூடி பிரேக். யோசிக்க நேரம் கிடையாது, முடிவை ஓடத் தொடங்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

அல்ட்ராலைட்டுக்கு எடை குறைவு, காற்றுத் தடை அதிகம். ஏறும்போது எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று நொடியில் வேகம் கரைந்துவிடும். உடனே மூக்கைத் தாழ்த்துங்கள், பிறகுதான் மற்றது. ஓடுதளத்துக்குத் திரும்ப நினைப்பதில்தான் உயிர் போகிறது: 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காது) 19 சதவீதம் ஏறும், 60 டிகிரியில் 41.

நேரெதிரே, இரு பக்கமும் 30 டிகிரிக்குள், அறுவடை முடிந்த வேர்க்கடலைக் கொல்லையைத் தேடுங்கள். சால் போன திசையிலேயே இறங்குங்கள். கரும்பும் தென்னந்தோப்பும் வேண்டாம். பாலாற்று மணலில் முன்சக்கரம் புதைந்து குப்புறக் கவிழ்க்கும், வேறு வழியில்லை என்றால் மூக்கைத் தூக்கிப் பிடித்து மிகக் குறைந்த வேகத்தில் தொடுங்கள். கரண்டு கம்பி மேலிருந்து தெரியாது, கம்பத்தைப் பாருங்கள். இந்த இடங்களை ஒருநாள் நடந்தே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடிக்காரர்:
ஃப்ளோட் மாற்றியாச்சு. இன்று காலை நின்ற இடத்தில் 5180. நாளை கல் நடுகிறேன்.