பஸ்ஸு தான் ஃப்ரீ ஆச்சே, அப்புறம் வாலண்டியருக்கு எதுக்கு 150 ரூபா?

செல்வம்_தறி:
ரேஷன் கடை சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. எச்.ஐ.வி. இருக்கற பொம்பளைங்க கூட துணைக்கு ஏ.ஆர்.டி. சென்டர் (எச்.ஐ.வி.க்கு மாத்திரை குடுக்கற இடம்) வரைக்கும் போய்ட்டு வர பெண் தன்னார்வலர் வேணுமாம், போக்குவரத்து செலவு 150 ரூபா தருவாங்களாம். 2021 மே மாசத்துலருந்து பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ. அப்புறம் 150 எதுக்கு? காசு வாங்கிட்டு செஞ்சா அதுக்கு பேரு சேவை இல்ல, கூலி.

மலர்விழி:
நோட்டீஸ் எழுதுனது நான்தானுங்க அண்ணா. ஃப்ரீங்கறது சாதா கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். ரூட் பஸ்ஸுக்கும் பிரைவேட் பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்துத்தான் ஆகணும். உங்க வீட்டு அக்காவ கேட்டாலே சொல்லுவாங்க.

செல்வம்_தறி:
நம்மூர்லருந்து டவுனுக்கு டவுன் பஸ் இல்லையா? காலைல 7 மணிக்கு ரோஸ் கலர் வண்டி என் தறிப்பட்டறை முன்னாடிதான் நிக்குது.

மலர்விழி:
அதேதானுங்க பிரச்சன, உங்க பட்டறை முன்னாடி நிக்குது. அந்த வண்டில ஏறுனா கண்டக்டர்லருந்து பூக்காரம்மா வரைக்கும் எல்லாருக்கும் முகம் தெரியும், மாசாமாசம் எங்க போறே, யாருக்கு முடியலன்னு கேப்பாங்க. அதனால பாதி பேரு பைபாஸ் வரைக்கும் நடந்து போய் ரூட் பஸ் புடிக்கறாங்க. சிலபேரு பக்கத்துல இருக்கற சென்டர விட்டுட்டு அடுத்த மாவட்டத்துக்கே போறாங்க, தெரிஞ்ச முகம் பாக்கக் கூடாதுன்னு. மாத்திரை டப்பால பேரு ஒட்டியிருந்தா பஸ் ஸ்டாண்டுலயே கிழிச்சுட்டு, உள்ள சத்தம் கேக்காம இருக்க பஞ்சு அடைச்சு, வீட்டுக்கு வந்து அரிசி டின்னுக்குள்ள வெக்கறாங்க. இந்தப் பயத்துல இருக்கறவங்கள ஃப்ரீ பஸ்ல போன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

செல்வம்_தறி:
சரி, பேஷண்டுக்கு ரூட் பஸ் வேணும், வாலண்டியருக்கு எதுக்கு? அவங்களுக்கு என்ன ஒளிக்கறதுக்கு இருக்கு?

மலர்விழி:
துணைக்குப் போறவங்க வேற பஸ்ல போனா அது என்ன துணைங்க அண்ணா???

லாரிகுமார்:
பஸ்ஸ விடுங்கப்பா. பெண் தன்னார்வலர்னு மட்டும் ஏன் போட்டிருக்கு? ஆம்பளைக்கு நோயே வராதா? நாங்க லாரி ஓட்டுறவங்க இத முப்பது வருசமா கேக்கறோம், நாமக்கல் சங்ககிரின்னாலே லாரிக்காரன்தான் கொண்டாந்தான்னு பேச்சு. தாபா தாபாவா நிறுத்தி எங்க கையில நோட்டீஸ் குடுத்தாங்க, இப்ப துணைன்னு வந்தா மட்டும் பொம்பளைக்கா?

மலர்விழி:
குமாரண்ணா, உங்கள யாரும் குத்தம் சொல்லல. ஆனா நடக்கறத சொல்றேன். கர்ப்பமானா நம்பிக்கை மையத்துல, அதான் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கற கவர்மெண்ட் சென்டர்ல, எல்லா பொண்ணுக்கும் டெஸ்ட் பாக்க சொல்றாங்க, நல்ல விஷயந்தான், மருந்து சரியா எடுத்தா கொழந்தைக்குப் பெரும்பாலும் வராது. ஆனா வீட்ல முதல்ல ரிசல்ட் வர்றது அவளுக்கு. புருஷன் டெஸ்டுக்கே வரமாட்டான். உடனே மாமியார் வாயில என்ன வரும்? இவதான் கொண்டாந்தான்னு வரும். 1986ல நம்ம நாட்டுல முதல் தடவை கண்டுபுடிச்சப்பவும் இப்படித்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சென்னைல ரத்தம் எடுத்து பாத்தது பாலியல் தொழில் செஞ்ச பொம்பளைங்ககிட்ட, அன்னிலருந்து ஊரு வாயில இது பொம்பளை கொண்டார நோயா ஆயிருச்சு. அவங்களுக்கு குடுத்த ஆம்பளைங்கள பத்தி யாரும் பேசல.

ஈரோட்டான்:
மலர் அக்கா வழக்கம்போல கட்டுரை எழுத ஆரம்பிச்சுட்டாங்க. 150 ரூபாய்க்கு பதில் வரல.

மலர்விழி:
வந்துருச்சு தம்பி, மேல படிங்க. இன்னும் வேணும்னா இதையும் கேட்டுக்கங்க. எங்க கூட வர்றவங்கள்ல நாலு பேரு நூறு நாள் வேலைக்கு போறவங்க. ஒரு நாள் துணைக்கு வந்தா அன்னிக்கு சம்பளம் போச்சு. அத நாங்க குடுக்கறதில்ல, குடுக்கவும் முடியாது. பஸ் காசும், மத்தியானம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சாப்பாடும், அவ்ளோதான் 150. அதுவும் ஃபாரின்லருந்து வரல, குழுவுல ஆளுக்கு மாசம் 50 ரூபா போட்டு சேத்தது.

செல்வம்_தறி:
இப்பத்தான் சாப்பாடு வருது! நோட்டீஸ்ல போக்குவரத்துன்னுதான் இருக்கு. இதத்தான் நான் மொதல்லருந்து கேக்கறேன். கணக்கு போடுங்க. போன வருசம் மாரியம்மன் பண்டிகை வரிக்கு எங்ககிட்ட மட்டும் பைசா பைசாவா கணக்கு கேட்டீங்கல்ல, கேமரா வெச்சு வீடியோ வேற எடுத்தீங்க.

மலர்விழி:
ஓ, அதுதானா விஷயம்! பண்டிகை வரி ஊரு பூரா குடுத்தது, அதுக்கு கணக்கு கேட்டோம், இன்னிக்கும் கேப்போம். இது எங்க சொந்தக் காசு.

ஈரோட்டான்:
பண்டிகை கணக்க இங்க ஏன் இழுக்கறீங்க, அது முடிஞ்சு போன விஷயம்.

செல்வம்_தறி:
உனக்கு முடிஞ்சு போச்சு, என் பேரு போச்சுல்ல.

ராணி_டீச்சர்:
ஒரு சந்தேகம். பெண் தன்னார்வலர்னா திருநங்கைகளும் வரலாமா? டவுன் பஸ்ல அவங்களுக்கும் ஃப்ரீதானே.

மலர்விழி:
வரலாம் டீச்சர், ஒருத்தங்க ஏற்கனவே வர்றாங்க. எங்க எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி, யாராவது மாத்திரைய நிறுத்திட்டா வீடு தேடிப்போய் பேசி திருப்பி கூட்டிட்டு வர்றவங்க.

லாரிகுமார்:
எல்லாரும் வரலாம், லாரிக்காரன் மட்டும் வரக்கூடாது.

மலர்விழி:
ஆடி மாசம் கூப்பிட்டனே, லோடு இருக்குன்னீங்க. ஆம்பளைங்க கூட போக ஆம்பளை வாலண்டியர் ரெண்டு பேரு வேணும், வாங்க, நாளைக்கே வாங்க. ஆனா ஒரு பொண்ண உங்க பைக்ல ஒக்கார வெச்சு கூட்டிட்டு போனா சாயங்காலத்துக்குள்ள ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். பொம்பளைக்கு பயம் வேறங்கறது நானா சொல்றதில்ல, சட்டத்துலயே இருக்கு. 2017ல போட்டு 2018 செப்டம்பர் 10லருந்து அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்துல 9வது பிரிவு, ஒருத்தருக்கு எச்.ஐ.வி. இருக்கறத டாக்டரோ கவுன்சிலரோ அவங்க புருஷன், பொண்டாட்டி மாதிரி துணைவருக்கு சொல்லலாம், ஆனா சொன்னா அடி விழும், வீட்ட விட்டு தொரத்துவாங்கன்னு பயப்பட நியாயமான காரணம் இருந்தா, அதுவும் குறிப்பா பொம்பளைங்க விஷயத்துல, சொல்லவே கூடாதுன்னு இருக்கு. சட்டம் போட்டவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, ஒரே ரிசல்ட் ஆம்பளைக்கு ஒரு மாதிரி விழுது, பொம்பளைக்கு ஒரு மாதிரி விழுதுன்னு.

லாரிகுமார்:
எனக்கு லோடு இருந்துச்சுங்கறது உண்மை. வேணும்னா டிரிப் ஷீட் காட்டறேன்.

ஈரோட்டான்:
சட்டத்துல 150 ரூபா குடுக்கச் சொல்லியிருக்கா?

மலர்விழி:
தம்பி, நீங்க ஒரு நாள் கூட வந்ததில்ல. நான் ஒண்ணு சொல்றேன். ஒரு இடத்துல வரிசைல நிக்கறப்ப ஒரு ஆளு "இந்த ஃபைல்காரங்க எல்லாம் அந்தப்பக்கம் நில்லு"ன்னு கத்துனாரு. அத்தன பேரும் திரும்பி பாத்தாங்க. என் கூட வந்த பொண்ணு, வயசு இருவத்திமூணு, கையில கைக்கொழந்த, அப்பிடியே வெளிய ஓடிப்போயிட்டா. பின்னாடியே ஓடி பஸ் ஸ்டாண்டுல புடிச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒரு மணிநேரம் பக்கத்துல ஒக்காந்து, திருப்பி கூட்டிட்டு போனேன். அன்னிக்கு மருந்து வாங்காம போயிருந்தா கொழந்தைக்கு எச்.ஐ.வி. வராம இருக்க குடுக்கற சொட்டு மருந்தும் நின்னுருக்கும். அந்த டீ காசு நோட்டீஸ்ல போக்குவரத்துல வருமா சாப்பாட்டுல வருமான்னு செல்வம் அண்ணா சொல்லட்டும். 1998ல எச்.ஐ.வி. இருக்கற கௌசல்யாவும் இன்னும் சில பெண்களும் சென்னைல அவங்கள மாதிரி பெண்களுக்காக பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சதே பொம்பளைங்க பாடு தனியா இருக்குன்னுதான். இருவத்தஞ்சு வருசம் தாண்டியும் நான் பஸ் டிக்கெட்டுக்கு பதில் சொல்லிட்டிருக்கேன்.

செல்வம்_தறி:
அந்தப் பொண்ணு கதைக்கு எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, நான் கல்லு இல்ல. ஆனா நோட்டீஸ்ல போக்குவரத்துன்னு போட்டுட்டு டீக்கும் சாப்பாட்டுக்கும் குடுக்கறது தப்பு தப்புதான். நோட்டீஸ மாத்துங்க.

மலர்விழி:
மாத்தறதில்ல. நாளைக்கு காலைல 6:10 ரூட் பஸ்ஸுக்கு ஒருத்தங்க கூட போகணும், நான் தூங்கறேன்.

ஈரோட்டான்:
6:10க்கு ரூட் பஸ்ஸே இல்ல, அது 6:25.

லாரிகுமார்:
6:10 பிரைவேட் வண்டிடா, ராசிபுரம் போறது.

செல்வம்_தறி:
அந்த வண்டி டிக்கெட் எவ்ளோ?