டனலிங்: ‘பக்கத்துளை’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

பெரும்பங்கு வைத்திருப்பவர் கம்பெனிப் பணத்தை மறைவாகத் தன் சொந்த நிறுவனத்துக்கு இறக்கிக்கொள்வதுதான் ‘டனலிங்’ (tunneling). அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் வந்த ‘நிதி மடைமாற்றம்’ எனக்கு உடன்பாடில்லை. நடைமுறை மூலதனத்துக்கென்று வாங்கிய குறுகியகாலக் கடனில் ஆலை முதலாளி காற்றாலை நிறுவினால், ரிசர்வ் வங்கி அதை ‘டைவர்ஷன்’ என்கிறது. மடைமாற்றம் அதற்குரிய சொல். டனலிங்கில் முதலில் இழப்பது வங்கி அல்ல, சிறுபங்குதாரர். 1990களில் செக் நாட்டில் கம்பெனிகளைத் தனியாரிடம் விட்டபோது பிறந்த சொல் அது. 2000இல் சைமன் ஜான்சன் முதலான நான்கு ஆய்வாளர்கள் அதைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தார்கள். நேராக மொழிபெயர்த்து ‘சுரங்கமிடல்’ என்றால் நெய்வேலிதான் நினைவுக்கு வரும்.

‘பக்கத்துளை’ என்று வைக்கலாம். கொங்குப் பக்கத்துக் கூட்டுக்கிணற்றை எண்ணிப் பாருங்கள். முக்கால் பங்குக்காரர் ஒட்டியே தனிக்கிணறு வெட்டி, அடியில் கூட்டுக்கிணற்றை நோக்கி சைடு போர் (பக்கவாட்டுத் துளை) போடுகிறார். மேலே எல்லாம் பழையபடிதான். முறை தவறாமல் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் இறங்குகிறது.

கணக்காகச் சொன்னால்: நூற்பாலையில் முதலாளிக்கு 70% பங்கு. கிலோ 250 ரூபாய் போகும் நூலை, முழுக்கத் தனக்கே சொந்தமான பனியன் கம்பெனிக்கு 238க்குக் கொடுக்கிறார். மாதம் 1 லட்சம் கிலோ என்றால் ஆண்டுக்கு 1.44 கோடி. அதில் மற்ற 30% பங்குக்குச் சேரவேண்டிய 43.2 லட்சம் அவர் கைக்குப் போய்விடுகிறது (வரியை விட்டுவிட்டேன்).

----

(குழுவினர் ஒருவரின் பதில்) சொல் நல்லா இருக்குங்க. ஆனால் வங்கியை ஒதுக்கிவிடாதீர்கள், துளை முதலில் கண்ணில் படக்கூடிய இடம் அதுதான். விலையோடு வாய்தாவையும் (பணம் கட்டக் கொடுக்கும் கெடு) பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு 30 நாள், பனியன் கம்பெனிக்கு 120 நாள் என்று வையுங்கள். 90 நாள் தாண்டிய பாக்கியை டிராயிங் பவரில் (சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்து வங்கி கணக்கிடும் கடன் வரம்பு) பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள். சிசியில் (கேஷ் கிரெடிட் கடன் கணக்கு) எடுக்கும் தொகை சுருங்கும். அதைத் தவிர்க்கப் பழைய பில்லை ரத்தாக்கும் கிரெடிட் நோட் போட்டு, அதே சரக்குக்குப் புதுத் தேதியில் பில் எழுதுவார்கள். வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் (சரக்கு, பாக்கிப் பட்டியல்) பாக்கி புதிதாகிவிடும். ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு) கிரெடிட் நோட்டுகளைப் பெயர்வாரியாகப் பிரித்து, புதுப் பில்லுக்கு இ-வே பில் (சரக்கு லாரியில் போவதற்கான மின்சீட்டு) உண்டா என்று பார்த்தால் பிடிபடும். லாரியே ஏறாத சரக்கு.

பிடிக்க முடிந்தும் பல நேரம் தேடுவதில்லை. அவிநாசி ரோட்டில் முதலாளிக்கு உள்ள விலையுயர்ந்த இடம் அடமானத்திலும் முதலாளியின் சொந்த ஜாமீன் கையிலும் இருந்தால், பணம் எந்தக் கிணற்றில் கிடந்தாலும் வங்கிக்கு ஒன்றுதான். சிறுபங்குதாரருக்கு அந்தப் பிடி கிடையாது. கடன் கொடுத்தவர் கண்காணிப்பார் என்று நிர்வாகப் பாடத்தில் சொல்வது இங்கேதான் பொய்த்துப்போகிறது.

----

(சொல்லை முன்வைத்தவர்) சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 188இன்படி, வரம்பை மீறிய தொடர்புடையோர் பரிவர்த்தனைக்கு (முதலாளியின் வேறு கம்பெனி போன்றவற்றோடு செய்யும் வியாபாரம்) பங்குதாரர் தீர்மானம் வேண்டும். அதில் தொடர்புடையவர் ஓட்டுப் போடக்கூடாது. 2015 ஜூன் 5 அறிவிக்கை இந்த ஓட்டுத் தடையிலிருந்து பிரைவேட் லிமிடெட்டுகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. நம் பக்கத்து ஆலைகளில் பிரைவேட் லிமிடெட் ஏராளம். அங்கே துளை போட்டவரே கைதூக்கி அனுமதிக்கலாம். திவால் சட்டம் தொடர்புடையோருக்குக் குறைமதிப்பில் விற்றதை 2 ஆண்டு வரை பின்னோக்கிப் பார்க்கிறது. ஆனால் ‘வழக்கமான வியாபாரம்’ என்று காட்டிவிட்டால் தப்பிவிடுவார்கள். மாதாமாதம் நூல் விற்பதைவிட வழக்கமானது ஆலைக்கு வேறென்ன?

‘பக்கத்துளை’ என்றால் திருட்டுத்தனம் தெரியவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். பில், வரி, தீர்மானம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் நீர் இறங்குவதுதான் இதன் இயல்பு, ஆகவே தெரியாதது நல்லது. வினையாக ‘பக்கத்துளை இடுதல்’. தொழிலுக்கே தொடர்பில்லாமல் கடன்பணத்தை வெளியே எடுக்கும் ‘சைஃபனிங்’குக்கு ‘உறிஞ்சல்’ என்று தனியே வைத்துக்கொள்வோம்.