கொரோலா 1.8 பெட்ரோல்: ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வீட்டிலேயே மாற்றலாமா?

மதுரை_கொரோலா:
2006 மாடல். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டா அணைஞ்சிடுது. டிப்ஸ்டிக்கில் அளவு சரியா இருக்கு. ஆயில் பிரஷர் ஸ்விட்சைச் (அழுத்தம் குறைஞ்சா அந்த விளக்கை எரிய வைக்கிறது) சுற்றி ஈரம், அதன் வயர் கனெக்டருக்குள்ளும் ஆயில். புது ஸ்விட்ச் வாங்கிட்டேன். என்ன சாக்கெட் வேணும்? ஆயிலை வடிக்கணுமா? டெஃப்லான் டேப் சுற்றணுமா?

ஸ்பேனர்_செட்:
தாராளமா மாற்றலாம். 24 மி.மீ. டீப் சாக்கெட் வாங்குங்க. சாதாரண சாக்கெட்டில் ஸ்விட்சின் தலை இடிக்கும், அறுகோணத்தின் விளிம்பு மட்டும் பிடிபட்டு வழுக்கும். பிளாஸ்டிக் உடைஞ்சா அப்புறம் கழற்றுறதே பெரிய வேலை.

ஆயிலை வடிக்க வேண்டாம். கழற்றும்போது கொஞ்சம்தான் ஒழுகும். கீழே ஒரு தட்டு, பக்கத்திலுள்ள பெல்ட் மேல் துணி போதும். இன்ஜின் ஆறியிருக்கணும். அடியில் போவதாக இருந்தா ஜாக்கியை நம்பாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரின் பூட்டை அமுக்கி இழுங்க. வயரைப் பிடிச்சு இழுத்தா உள்ளே பின் கழன்றுவரும்.

கழற்றியதும் ஓட்டையின் மரையைத் துணியால் துடைங்க. புதுசைக் கையாலேயே சில சுற்று ஏற்றுங்க. முதல் சுற்றிலேயே இறுகினா மரை மாறி ஏறுதுன்னு அர்த்தம், கழற்றித் திரும்ப ஆரம்பிங்க. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 15 நியூட்டன் மீட்டர். இது கூம்பு மரை, ஏற ஏற ஆப்பு மாதிரி இறுகும். தலை இன்ஜின் பிளாக்கில் ஒட்டி உட்காராது, கொஞ்சம் மரை வெளியே தெரியத்தான் செய்யும். உட்கார வைக்கணும்னு முறுக்கினா விரிசல்தான்.

மதுரை_கொரோலா:
நன்றி அண்ணா. ஸ்விட்ச் மாற்றினா விளக்குப் பிரச்சினையும் தீர்ந்துடுமா?

பழைய_டைமிங்:
அவசரப்படாதீங்க தம்பி. கனெக்டருக்குள் இருக்கும் ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால விளக்கு எரியாது. கசிவுக்கு ஸ்விட்ச்தான் காரணம், ஆனா மினுக்கலுக்கும் அதுவேன்னு இப்பவே சொல்ல முடியாது.

இந்த ஸ்விட்ச் உள்ளே பாடியோடு எர்த் ஆகி இருக்கும். ஆயில் அழுத்தம் வந்ததும் விலகும், விளக்கு அணையும். இன்ஜினை ஓட்டாம சாவியை மட்டும் திருப்பிக் கனெக்டரைப் பிடுங்குங்க. விளக்கு அணையணும். அணையலன்னா வயர் எங்கேயோ பாடியில் உரசுது, புது ஸ்விட்ச் வீண்.

அணைஞ்சா, பழசைக் கழற்றின அந்த ஓட்டையிலேயே மெக்கானிக்கல் கேஜ் (ஆயில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் மீட்டர்) மாட்டிப் பாருங்க. இந்த வாய்ப்பை விடாதீங்க. கேஜை ஓட்டையில் பொருத்தும் அடாப்டர் 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் அளவுக் கூம்பு மரை) ஆக இருக்கணும், அங்குலத்துக்கு 28 மரை. கேஜ் செட்டோடு வருவது பல நேரம் அமெரிக்க அளவுக் கூம்பு மரையான என்பிடி, 27 மரை. ஆரம்பத்தில் ஏறி, பிறகு பிளாக்கின் மரையைத் தின்னும். இன்ஜினைச் சூடாக்கி 3000 ஆர்பிஎம்மில் சதுர செ.மீ.க்கு 3 கிலோவுக்கு மேல் காட்டி, ஐடிலிங்கில் முள் பூஜ்யத்தை ஒட்டாம நிலையா நின்னா ஸ்விட்ச்தான் குற்றவாளி. ஐடிலிங்கில் முள் தரையைத் தொட்டா அழுத்தமே குறைவு: ஆயில் மெலிஞ்சிருக்கலாம், சம்ப் ஸ்ட்ரெய்னர் (ஆயில் தொட்டியில் இருக்கும் வடிகட்டி) அடைச்சிருக்கலாம், ரிலீஃப் வால்வு (அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) சிக்கியிருக்கலாம், பேரிங் தேய்ஞ்சிருக்கலாம். அப்ப வண்டியை ஓட்டாதீங்க. புது ஸ்விட்ச் விளக்கை அணைச்சுட்டாலும் பேரிங்கைக் காப்பாற்றாது.

ஸ்பேனர்_செட்:
சரியாச் சொன்னீங்க. டேப் பற்றி விட்டுட்டேன். புது ஸ்விட்சின் மரையில் ஏற்கனவே நிறப் பூச்சு இருந்தா எதுவும் வேண்டாம். இல்லன்னா டேப்பைவிட லாக்டைட் 242 மாதிரி பசையை முனையிலிருந்து இரண்டு மூன்று மரைக்குத் தடவுங்க. மாட்டி 1 மணி நேரம் கழிச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். டேப்தான் கையில் இருக்குன்னா, முனையில் ஒரு மரையை விட்டுட்டு, முனை உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிச்சுக் கடிகாரச் சுற்றில் சுற்றுங்க. முனையில் தொங்கும் துணுக்கு ஆயில் வழிக்குள் போகக் கூடாது. மாட்டியதும் கனெக்டரைப் போடுமுன் ஸ்விட்ச் பின்னுக்கும் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்பு இருக்கான்னு பாருங்க. டேப் கனமா இருந்தா எர்த் விட்டுப்போய், விளக்கு எப்பவுமே எரியாது.

கனெக்டரைப் பிரேக் கிளீனர் அடிச்சு உலர்த்துங்க. ஸ்டார்ட் பண்ணிச் சூடானதும் அடியில் டிஷ்யூ வச்சுத் துடைச்சுப் பாருங்க, டிப்ஸ்டிக்கையும் பார்த்து ஒழுகின அளவு ஆயிலை ஊற்றுங்க.