வெங்காய பில்லுக்கு டெஸ்ட்: பைடெஸ்ட் ஏன் சிவப்பு?

கேள்வி:
சுன்னாகத்தில் மாமாவின் கடைக்கு பைதனில் பில் எழுதுகிறேன். 1.1 கிலோ சின்ன வெங்காயம், கிலோ 700 ரூபாய். விடை 770 தானா என்று அசெர்ட் (சரிபார்க்கும் வரி) போட்டால், பைதன் கோடைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட் சிவப்பு காட்டி விழுகிறது, பிரிண்டில் 770.0000000000001. எது பிழை, அண்ணைமார்?

பதில்:
ஒன்றும் பிழையில்லை தம்பி. 1.1ஐ ஃப்ளோட்டால் (பைதனின் வழமையான தசம எண் வகை) பைனரியில், அதாவது 0, 1 மட்டும் வைத்து, சரியாகப் பிடிக்க முடியாது. பைடெஸ்டின் அப்ராக்ஸ் (கிட்டத்தட்டச் சமமா என்று பார்ப்பது) போடுங்கோ, பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை விட்டுவிடும்.

இன்னொரு பதில்:
காசுக் கணக்கில் அப்ராக்ஸா? எனக்குப் பிடிக்காது. டெசிமல் (தசம எண்ணை அப்படியே பிடிக்கும் பைதன் வகை) பாவியுங்கோ. 1.1ஐ மேற்கோள் குறிக்குள் கொடுக்கவேணும், இல்லாவிட்டால் அதே மாதிரி கடைசித் தசம வால் அங்கேயும் வரும். அப்புறம், நிறை மைனஸ் என்றால் வேல்யூ எரர் (தவறான மதிப்பு என்ற பிழை) வருகிறதா என்று பைடெஸ்டின் ரெய்சஸ் (பிழை எழும்புகிறதா என்று பார்ப்பது) வைத்து ஒரு டெஸ்ட். கடையில் அவசரத்தில் எதையும் அடிப்பார்கள்.

கேட்டவர்:
சரி அண்ணை, டெசிமல் போட்டதும் டெஸ்ட் பச்சை, பாஸ். மைனஸுக்கு இனித்தான் கோடில் இஃப் (நிபந்தனை) எழுதவேணும்.